மடக்குக் கத்தியை இரவல் கேட்டால் கொடுக்கலாமா?

கரும்புச்சோலை (டோங்காட்)

எல்லாருக்கும் வணக்கம். ஒருவர் பையில் மடக்குக் கத்தி இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் போதும், இரவல் கேட்பது ஓயாது. கோவிலில் தோரணக் கயிறு அறுக்க, பிராய் (கரியில் இறைச்சி சுடுவது) போடும் இடத்தில் இறைச்சிப் பொட்டலம் பிரிக்க, பக்கியில் (சின்ன சரக்கு வண்டி) சாமான் கட்டின கயிற்றை வெட்ட, கடற்கரையில் தூண்டில் நரம்பை வெட்ட. இல்லை என்று சொன்னால் முகம் சுண்டிவிடுகிறது. கொடுத்தால் கத்தி மொக்கையாகித் திரும்பி வருகிறது.

என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று மரப்பிடி போட்ட ஓப்பினெல் 8ஆம் எண், கார்பன் எஃகு. இன்னொன்று பல அலகுகள் கொண்ட விக்டோரினாக்ஸ், 91 மி.மீ. இவற்றில் எதைத் தைரியமாகக் கொடுக்கலாம்? எந்த வேலைக்குக் கொடுக்கவே கூடாது? கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது? தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இதற்குச் சிக்கல் ஏதும் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.

சாணைக்கல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, யார் கேட்டாலும் கத்தியை எடுக்கும் முன்னால் "என்ன வெட்டணும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அரை நிமிட வேலையாக இருக்கும். "இங்க கொண்டாங்க, நானே வெட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது, கத்தியும் உங்கள் கையை விட்டுப் போகவில்லை. இதில் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இரவல் போன கத்தி வெட்டிக் கெடுவது குறைவு. நெம்பியும் திருகியும் சுட்டும்தான் கெடுக்கிறார்கள். பெயின்ட் டப்பா மூடியை நுனியால் நெம்புவது முதல் குற்றம். மடக்குக் கத்தியின் நுனிதான் அலகிலேயே மெல்லிய இடம். எஃகு கடினமாகத் தோய்ச்சல் (சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்குவது) பெற்றது என்பதால் வளைந்து கொடுக்காது, பட்டென்று 2 மி.மீ. போய்விடும். உங்கள் விக்டோரினாக்ஸில் போத்தல் மூடி திறக்கும் அலகின் முனை தட்டைத் திருப்புளியாகவே இருக்கிறது. டப்பா திறக்கக் கேட்டால் அதை மட்டும் நிமிர்த்தி, மற்ற அலகுகள் மடங்கியிருக்க அப்படியே கையில் கொடுங்கள். கொடுக்கப்படுவது கத்தியே இல்லை, நெம்புகோல் மட்டும்.

இரண்டாவது, பீங்கான் தட்டின் மேல் வைத்து வெட்டுவது. தட்டின் மேற்பூச்சு எஃகைவிடக் கடினம். ஒரு சாஸேஜை நாலு துண்டு போட்டாலே கூர் ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். சிமெண்டுத் தரை, கருங்கல் மேடை எல்லாம் இதே கணக்கு. பலகை இல்லையென்றால் மடித்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது நம்ம நேட்டால் பக்கத்து வியாதி: கரும்பு. கரும்புத் தோலில் சிலிக்கா இருக்கிறது, மணல் தேய்த்தது மாதிரி கூரைத் தின்னும். அது கூடப் பரவாயில்லை, தீட்டிக்கொள்ளலாம். தோல் சீவி முடித்துக் கணுவுக்கு வந்ததும் அலகைக் குறுக்கே செருகித் திருகிப் பிளக்கப் பார்ப்பார்கள். மடக்குக் கத்தியில் அலகைத் தாங்குவது பென்சில் முனை அளவு தறையாணி ஒன்றுதான். பக்கவாட்டில் திருகினால் அந்தத் தறையாணித் துளை நீள்வட்டமாகி அலகு ஆடத் தொடங்கும். ஆட்டம் வந்த கத்தியின் பூட்டையும் நம்ப முடியாது. கரும்புக்குக் கேட்டால் வீட்டிலிருந்து அரிவாளை எடுத்துவரச் சொல்லுங்கள்.

நாலாவது நெருப்பு. நைலான் கயிற்று நுனி பிரியாமல் இருக்கட்டும் என்று அலகை லைட்டரில் காட்டிச் சுட்டு அறுப்பார்கள். இல்லையென்றால் பிராய்க் கரியின் மேல் வொர்ஸை (சாஸேஜ்) புரட்டக் கத்தியையே குத்துக்கம்பியாக்குவார்கள். கார்பன் எஃகு 220 பாகை செல்சியஸை நெருங்கும்போது வைக்கோல் மஞ்சள் நிறம் காட்டும், 300 அளவில் நீலம் பாயும். கூர் ஓரம் தாள் மாதிரி மெல்லியது, அந்தச் சூட்டை நொடியில் வாங்கிக்கொள்ளும். நீலம் பாய்ந்த ஓரத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் ஒரு நாள் கூட நிற்காது. அந்த நீலம் முழுவதும் கரையும் வரை அலகைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

தூண்டில்முள் (டர்பன்)

சாணைக்கல் அண்ணா சொன்னது வீட்டுக்கும் கோவிலுக்கும் சரி. கடற்கரையில் நடக்காது. ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் கரை ஒதுங்கும்போது பக்கத்தில் பத்து தூண்டில் நிற்கும், ஒவ்வொருத்தருக்கும் இரை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? இரவலுக்கென்றே ஒரு கத்தி தனியாக வைத்துக்கொள்வதுதான் வழி. அதற்கு ஓக்காபியை மிஞ்சினது கிடையாது. 1902இல் ஜெர்மனியில் சோலிங்கன் ஊரில் ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே ஆரம்பித்த கத்தி, 1980களின் கடைசியிலிருந்து நம்ம நாட்டிலேயே செய்கிறார்கள். வன்பொருள் கடையில் கிடைக்கும், விலை குறைவு, போனாலும் வயிறு எரியாது.

ஆனால் ஓக்காபியைப் பழக்கமில்லாதவர் கையில் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை, அதன் முன்பக்கம் ஒரு துளை, பக்கத்தில் வளையம். அலகின் அடியில் பற்கள். திறக்கும்போது ஒவ்வொரு பல்லாகத் துளையில் விழுந்து 'டிக், டிக், டிக்' என்று கேட்கும். பாதி திறந்தாலும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். திறப்பதில் ஆபத்து இல்லை, மூடுவதில்தான். வளையத்தை இழுத்துத் தூக்கினபடியே அலகை மடக்க வேண்டும், கடைசிப் பல் தாண்டும் வரை வளையத்தை விடக் கூடாது. தெரியாதவர் ஒரு பல் தாண்டினதும் வளையத்தை விட்டுவிடுவார். அலகு அடுத்த பல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும். உடனே உள்ளங்கையை அலகின் முதுகில் வைத்துப் பலமாக அழுத்துவார், அதே நேரம் இன்னொரு கை வளையத்தை எட்டிப் பிடிக்கும். பட்டை திடீரென்று விடுபட்டதும் அலகு நேராக, பிடியைச் சுற்றியிருக்கிற விரல்களின் மேல் வந்து விழும்.

அதனால் இரவல் கொடுக்கிற ஓக்காபிக்கு ஒரே சட்டம்: "மூடாதீங்க, திறந்தபடியே இந்தப் பெட்டி மேல வச்சிடுங்க, நான் மூடிக்கிறேன்."

பந்திவேலை (சாட்ஸ்வொர்த்)

தூண்டில்முள் தம்பி, அந்தக் கத்தியைத் தயவுசெய்து கோவில் பக்கம் கொண்டுவந்துவிடாதீர்கள்! மீன் இரை வெட்டின கத்தி எலுமிச்சம்பழம் வெட்ட வரக் கூடாது, எவ்வளவு கழுவியிருந்தாலும்.

இதை ஆசாரம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். மடக்குக் கத்தியில் அலகு போய் உட்காருகிற பள்ளம் இருக்கிறதே, அதுதான் இடைஞ்சல். பச்சை இறைச்சி நீரும் மீன் செதிலும் அந்த இடுக்கில் போய்ச் சேரும். வெளியே அலகு பளபளவென்று இருக்கும். மறுபடி திறக்கும்போது இடுக்கிலிருக்கிற அழுக்கு அலகோடு வந்து பழத்தில் படும். கோழி இறைச்சியில் இருக்கும் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் கிருமிகளுக்கு அவ்வளவு ஈரம் போதும். புரட்டாசி விரதம் இருக்கும் வீடுகளில் சைவப் பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைக்கிற வழக்கம் நம்மிடம் இன்றைக்கும் கெட்டியாக இருக்கிறது. மடக்குக் கத்திக்கும் அதையே நீட்டுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பூஜைக்கும் பழத்துக்கும் என்று ஒரு கத்தி, அது யாருக்கும் இரவல் இல்லை. பிடியில் சிவப்பு நூல் ஒன்று சுற்றிவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் அடையாளம் தெரியும்.

இரவல் போய்வந்த கத்தியைக் கழுவும் விதம்: விக்டோரினாக்ஸ் என்றால் எல்லா அலகையும் பாதி திறந்து, வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கைத் தேய்த்து, வெந்நீருக்குள்ளேயே அலகுகளை நாலைந்து தடவை திறந்து மூடி, உதறி, வெயிலில் திறந்தபடி காயவைக்கலாம். ஓப்பினெலை அப்படி ஊறவைக்காதீர்கள். அதன் பிடி பீச் மரம். தண்ணீர் குடித்து உப்பினால் அலகைக் கவ்விக்கொண்டு திறக்கவே வராது. ஈரத்துணியில் சோப்பு தொட்டுத் துடைத்து, ஒரு குச்சியில் துணி சுற்றிப் பள்ளத்தைத் துடைத்து எடுத்தால் போதும். உப்பித்தான் போயிற்று என்றால் நகத்தால் இழுத்து மல்லுக்கட்டாமல், பிடியின் கடைக்கோடியை மேசை விளிம்பில் லேசாகத் தட்டுங்கள், அலகு தானாகத் தலை நீட்டும்.

இன்னொன்று, கார்பன் எஃகில் எலுமிச்சை வெட்டவே வேண்டாம். புளிப்பு பட்ட இடம் சில நிமிஷத்தில் சாம்பல் நீலமாகக் கறுக்கும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும். கறை கத்திக்குக் கெடுதல் இல்லை, ஆனால் துடைக்காமல் மடித்துப் பையில் போட்டால் மறுநாள் சிவப்புத் துரு. சிட்ரஸ் எதுவாக இருந்தாலும் துருப்பிடிக்காத விக்டோரினாக்ஸைக் கொடுங்கள்.

கோவிலில் கேட்டால் இல்லை என்று சொல்வதை என் மனம் ஒப்பாது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலில் பெரிய வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பந்திக்கு இலை நறுக்குகிற இடத்தில் நின்றுகொண்டு "என் கத்தி, தர மாட்டேன்" என்பது அழகா? கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கரும்புச்சோலை (டோங்காட்)

அக்கா, அப்படியென்றால் கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது? உறவு முறியும் என்பார்கள். அதைப் பின்பற்றலாமா?

சாணைக்கல் அண்ணா, பூட்டு விஷயத்தை ஓப்பினெலுக்கும் விக்டோரினாக்ஸுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்களேன்.

பந்திவேலை (சாட்ஸ்வொர்த்)

காரணம் எதுவாக இருந்தாலும் பழக்கம் நல்ல பழக்கம். கை மாறும் அந்த ஒரு நொடியில் இரண்டு பேரும் பிடித்திருப்பார்கள், அல்லது இரண்டு பேருமே விட்டிருப்பார்கள். அப்போதுதான் வெட்டுப்படும். மேசை மேல் வைத்துவிட்டால் அந்த நொடியே கிடையாது. வைக்கும்போது பிடி அவர் பக்கம், கூர் யார் பக்கமும் திரும்பாமல். கூட்டத்தில் வைக்க இடம் இல்லையென்றால் மூடின கத்தியை மட்டும் கொடுங்கள், அவர் திறந்துகொள்ளட்டும். திறந்தே கொடுக்க வேண்டி வந்தால் முதுகைப் பிடித்து, கூர் உங்கள் உள்ளங்கைக்கு வெளியே பார்த்தபடி இருக்க, பிடியை நீட்டுங்கள். "பிடிச்சிட்டேன்" என்று அவர் வாய் திறந்து சொன்ன பிறகு விடுங்கள்.

சாணைக்கல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

91 மி.மீ. விக்டோரினாக்ஸில் அலகுக்குப் பூட்டே கிடையாது. வில்லின் அழுத்தம் மட்டும்தான் நிமிர்த்திப் பிடிக்கிறது. பூட்டு வேண்டுமென்றால் 111 மி.மீ. அளவுள்ள வேறு வரிசைக்குப் போக வேண்டும். பூட்டில்லாத கத்தியில் குத்துகிற வேலை செய்யக் கூடாது. பிளாஸ்டிக் டப்பாவில் துளை போடக் குத்துவார்கள், நுனி மாட்டும், கை முன்னால் போகும், அலகு மடங்கி ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தை அறுக்கும். துளை போடக் கேட்டால் முதுகுப் பக்கம் இருக்கும் துளையூசியைத் திறந்து கொடுங்கள்.

ஓப்பினெலில் 1955 முதல் வளையப் பூட்டு இருக்கிறது. கழுத்தில் இருக்கும் அந்த எஃகு வளையத்தைத் திருப்பினால் பிளவு மறைந்து அலகு அசையாமல் நிற்கும். 2000க்குப் பிறகு வந்தவற்றில் மூடின நிலையிலும் பூட்டலாம். இரவல் வாங்குபவர் செய்யும் தவறு இரண்டு வகை. ஒன்று, வளையம் ஒன்று இருப்பதே தெரியாமல் பூட்டாமல் வெட்டுவது. இன்னொன்று, பூட்டியிருப்பது தெரியாமல் மூட முயன்று அலகை அழுத்துவது. அதில் வளையம் விரிந்து தளர்ந்துவிடும், பிறகு தானாகச் சுழலும். ஆகவே ஓப்பினெலைக் கொடுத்தால் நீங்களே திறந்து, வளையத்தைத் திருப்பிப் பூட்டி, அவர் கண்முன்னே ஒரு தடவை திருப்பிக் காட்டிவிட்டுக் கொடுங்கள். பத்து நொடி வேலை.

மற்றவர்களுக்கும் சேர்த்து: கட்டைவிரலால் பிடிக்குள் இருக்கும் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளி மூடும் கத்திகள் இப்போது நிறைய வருகின்றன. அதில் தகட்டைத் தள்ளுகிற கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கிறது. அலகு கொஞ்சம் மடங்கத் தொடங்கியதும் விரலை எடுத்துவிட்டுப் பிறகு மூட வேண்டும். புதியவருக்கு இது கைக்குள் வராது. இந்த வகையை இரவல் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எவ்வளவு விலை என்பதற்காகச் சொல்லவில்லை, விரலுக்காகச் சொல்கிறேன்.

ஒன்று கவனியுங்கள்: கத்தி கூர்மையாக இருக்கிறது என்பதையும் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் மழுங்கின கத்தியோடு பழகினவர் அழுத்தித்தான் வெட்டுவார். தீட்டின கத்தியில் அதே அழுத்தம் பொருளையும் தாண்டித் தொடை வரை போகும்.

வெண்துணி (லெனேசியா)

தாதி வேலையிலிருந்து நாலு வரி. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் உறைந்த இரத்தம் கலைந்துவிடும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதையும் காயத்தில் அப்ப வேண்டாம், தைக்கும் முன் அதைக் கழுவி எடுப்பதே பெரும் பாடு. விரல் மடக்க வரவில்லை, நுனி மரத்திருக்கிறது என்றால் சிறிய கீறலாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். இரத்தம் நிற்கவில்லையென்றால் ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து 112. வில்வாதத்துக்கு (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போட்டது என்று கேட்பார்கள்.

கத்தியை மறந்துவிடாதீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். யாரோ விரலை அறுத்துக்கொண்ட கத்தியைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு நீட்டுவது கூடவே கூடாது. கையுறை போட்டு, சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு இடுக்கோடு கழுவி, கிருமிநாசினியில் துடைத்த பிறகுதான் மறுபடி பை. விக்டோரினாக்ஸ் பிடியில் செருகியிருக்கும் பல்குச்சியையும் சாமணத்தையும் இரவல் கொடுக்கும் முன் கழற்றி எடுத்துவிடுங்கள். பல்குச்சியை வாயில் வைத்துவிட்டுத் திருப்பிச் செருகிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பெனோனிக்காற்று (பெனோனி)

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2013ஆம் ஆண்டின் 15ஆம் எண் அபாயகர ஆயுதங்கள் சட்டம்தான் இதற்குரியது. மடக்குக் கத்தி வைத்திருப்பது மட்டுமே குற்றம் என்று அதில் இல்லை. இத்தனை அங்குலம் என்று அலகின் நீளத்துக்கும் வரம்பு இல்லை. சட்டவிரோதமாகப் பயன்படுத்தினால் உயிரிழப்பையோ கடுங்காயத்தையோ உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் (துப்பாக்கி தவிர) 'அபாயகர ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அடங்கும். அதைக் கெட்ட நோக்கத்தோடு வைத்திருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் எழும் சூழ்நிலையில் ஒருவர் வைத்திருந்தால்தான் குற்றம். அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை. சூழ்நிலையை எடைபோட இடம், நேரம், ஆளின் நடத்தை, கத்தியை எடுத்துச் செல்லும் அல்லது காட்டும் விதம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தொழில், சமயம், பண்பாடு, விளையாட்டு போன்ற முறையான காரியங்களுக்கு விலக்கு உண்டு. கோவில் பந்தியில் இலை நறுக்குவதும் தூண்டில் போடுமிடத்தில் இரை வெட்டுவதும் அதில் அடங்கும்.

இரவலுக்கு இதிலிருந்து என்ன தெரிகிறது? பந்தியில் உங்கள் கையில் இருக்கும்போது விலக்குக்குள் இருந்த அதே கத்தி, இரவல் வாங்கினவர் பைக்குள் மறந்துபோய் இரவு 11 மணிக்கு மதுக்கடை வாசலில் நிற்கும்போது கேள்விக்குரியதாகிவிடுகிறது. சிக்கிக்கொள்வது அவர். ஆகவே கண்ணெதிரில் கொடுத்து, கண்ணெதிரில் திரும்ப வாங்குங்கள். "நாளைக்குத் தர்றேன்" இரவல் வேண்டாம். குடித்திருப்பவருக்கும் வாக்குவாதத்தில் இருப்பவருக்கும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கூடம் வேறு கணக்கு. 2001இல் வந்த பாதுகாப்பு விதிகள் அரசுப் பள்ளி வளாகத்துக்குள் அபாயகரப் பொருள் எதையும் கொண்டுபோவதைத் தடுக்கின்றன. சனிக்கிழமை பட்டம் செய்ய அண்ணன் மகன் வாங்கிப்போன கத்தி திங்கட்கிழமை அவன் புத்தகப் பையில் இருந்தால் பிள்ளைக்குத்தான் வம்பு. ஊர்வலம், ஆர்ப்பாட்டம் போன்ற கூட்டங்களுக்கும் 1993ஆம் ஆண்டின் 205ஆம் எண் சட்டப்படி ஆயுதம் கூடாது.

தூண்டில்முள் (டர்பன்)

பிள்ளைகளுக்குக் கொடுப்பதே கூடாது என்று சொல்கிறீர்களா? பழக்கித்தானே ஆக வேண்டும்?

பெனோனிக்காற்று (பெனோனி)

பழக்குவது வேறு, இரவல் வேறு. பக்கத்தில் உட்கார்ந்து, கைநீட்டினால் எட்டுகிற தூரத்துக்குள் யாரும் இல்லை என்று பார்த்து, உடம்புக்கு வெளியே தள்ளிச் சீவச் சொல்லி, முடிந்ததும் அங்கேயே வாங்கிக்கொண்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

சாணைக்கல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

திரும்பி வந்ததும் பார்க்க வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், அவர் எதிரிலேயே பார்த்தால் தப்பில்லை. கூரை மேல்நோக்கி வைத்து விளக்கின் கீழ் மெல்ல ஆட்டுங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது, கோடு தெரியாது. எங்கே வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறதோ அங்கே சுருண்டிருக்கிறது அல்லது பல் விழுந்திருக்கிறது. அடுத்து அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கிறதா என்று. பிறகு இடுக்கில் ஊதிவிட்டு மூடுங்கள், மணல் இருந்தால் நரநரவென்று கேட்கும்.

சுருண்ட கூருக்குக் கல்லே வேண்டாம், பீங்கான் கோப்பையின் அடியில் மினுக்கம் போடாத வளையம் இருக்கும், அதில் பக்கத்துக்கு ஐந்தாறு தடவை லேசாக இழுத்தால் நிமிர்ந்துவிடும். பல் விழுந்திருந்தால் 400 எண் கல்லில் தொடங்கி 1000த்தில் முடியுங்கள். கோணத்துக்கு ஒரு சுலப வழி: அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகை. 15 மி.மீ. அகலம் என்றால் 5 மி.மீ. தூக்கு. ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் அடி முதல் நுனி வரை பிசிறு எழும்பியது விரலில் தட்டுப்பட்ட பிறகே பக்கம் மாற்ற வேண்டும். பிசிறு எழாமல் பக்கம் மாற்றுவதால்தான் "எவ்வளவு தீட்டியும் கூர் வரலை" என்கிறார்கள். ஒரு மி.மீ. ஆழப் பல் என்றால் அலகு முழுவதும் அந்த ஒரு மி.மீ. இறங்க வேண்டும், அந்த இடத்தை மட்டும் தோண்டினால் கூர் அலை அலையாகிவிடும்.

எண்ணெய் பற்றி: நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போடுவார்கள். அது 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்காலக் காலையில் தறையாணியில் மெழுகு மாதிரி இறுகி அலகு திறக்க வராது, நாளானால் பிசினாகவும் ஆகும். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற லிக்விட் பாரஃபின் வாங்குங்கள். நிறமில்லை, வாடையில்லை, உணவில் பட்டாலும் கெடுதல் இல்லை. தறையாணிக்கு ஒரு சொட்டு போதும். அடுப்புக்கு வாங்கும் பாரஃபின் மண்ணெண்ணெய், இரண்டையும் மாற்றிவிடாதீர்கள்.

கரும்புச்சோலை (டோங்காட்)

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரவலுக்கு ஓர் ஓக்காபி வாங்கி பக்கியில் போட்டுவிடுகிறேன், ஓப்பினெல் வீட்டோடு இருக்கட்டும். கோவிலுக்கு விக்டோரினாக்ஸ், பழத்துக்கும் இலைக்கும் மட்டும். ஒன்றே ஒன்று பாக்கி: விக்டோரினாக்ஸின் நுனி இரவலில் ஏற்கனவே 2 மி.மீ. உடைந்துதான் இருக்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா, இல்லை அலகு போனது போனதுதானா?

சாணைக்கல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தாராளமாகச் செய்யலாம். கூர்ப் பக்கத்திலிருந்து மேலே தேய்த்துப் புது நுனி எடுக்காதீர்கள், பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை அது. அப்படிச் செய்தால் நுனி முதுகுப் பக்கம் ஏறிவிடும். மடக்கும்போது கூர் பள்ளத்துக்குள் போகும், முதுகு வெளியே இருக்கும், ஆகையால் ஏறின நுனி பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்று பையையும் விரலையும் கிழிக்கும்.

முதுகிலிருந்து கீழே இறக்குங்கள். 220 எண் உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி நனைத்துக்கொள்ளுங்கள். மற்ற அலகுகளை மூடிவிட்டு, பெரிய அலகின் முதுகை நுனிப் பக்கத்துக் கடைசி 15 மி.மீ. தூரத்துக்குத் தாளில் வைத்து, பிடியைச் சற்றே உயர்த்தி, உங்கள் பக்கமாக இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒரு தடவை தண்ணீரில் முக்குங்கள். மின்சாரச் சாணையில் வைக்க வேண்டாம், அந்த மெல்லிய நுனி ஒரு நொடியில் நீலம் பாய்ந்துவிடும். முதுகின் வளைவு இறங்கி இறங்கிக் கூரைத் தொடும் இடத்தில் புது நுனி பிறக்கும். அவ்வப்போது மடக்கி, நுனி பிடிக்குள் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்ததும் 400, 800 எண் தாளில் தேய்த்து முதுகின் கீறல்களை ஆற்றிவிட்டு, கடைசியாக நுனியை மட்டும் கல்லில் பக்கத்துக்கு நாலு இழுப்பு.